தீப்பெட்டியில் வளர்த்த படைப்புழு

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் பதினான்கு ஏக்கர் கரிசல் என் பெயரில் இருக்கிறது. ஒரு சென்ட்கூட அப்பன் விட்டுப்போனதில்லை. பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்த கையால் வாங்கியது. அதனால் நான் சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. அந்த வருஷம் என் தங்கச்சியும் தன் ஒற்றை ஏக்கரில் வழக்கமாகப் போடும் நாட்டு ரக இருங்குச் சோளத்தை விட்டுவிட்டு, நான் கொண்டுவந்த வீரிய மக்காச்சோளத்தை விதைத்தாள்.

"அண்ணே, என் ரெண்டு மாட்டுக்கும் வருசம் பூரா இந்தத் தட்டைதான். தேறுமா?"

"ஏத்தா, கரும்பு கணக்கா இனிக்கும். ஒன் மாடு எனக்குக் கோயில் கட்டும் பாரு."

இருபதாம் நாள் என் காட்டிலும் அவள் காட்டிலும் மக்காச்சோளக் குருத்துக்குள் படைப்புழு. நான் அடித்த பூச்சிமருந்து இலையில் வழிந்து போனதே தவிர, உள்ளே பதுங்கியதைத் தொடவில்லை. தங்கச்சி காட்டு வரப்பில், போன வருஷம் சிந்திய இருங்குச் சோளம் நாலு தூர் தானாக முளைத்திருந்தது. அதில் மட்டும் ஊசி குத்தினாற்போல் சில ஓட்டைகள்தான்.

அடுத்தவன் சொல்லி நம்புகிற ஆள் நானில்லை. ஒரே அளவில் இரண்டு குட்டிப் புழுக்களைப் பிடித்து, ஆளுக்கொரு காலித் தீப்பெட்டியில் அடைத்தேன். ஒன்றுக்கு மக்காச்சோள இலை, மற்றதற்கு இருங்குச் சோள இலை. தினமும் புது இலை வைத்தேன். எட்டாம் நாள் திறந்தால், மக்காச்சோளம் தின்றது சுண்டுவிரல் கனம். மற்றது தீக்குச்சி கனம்கூட இல்லை. இலையைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சுருண்டு கிடந்தது.

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "என் சோளத்தத் தின்னது பட்டினி கெடந்த மாதிரில்ல இருக்கு. ஒங்க வெதையத் தின்னது புதுமாப்பிள்ளை கணக்கா இருக்காரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழித்து மறுபடி விதைக்க மண்ணில் ஈரம் இல்லை. ஒவ்வொரு குருத்திலும் ஒரு சிட்டிகை மணல் போட்டால் புழு சாகும். அதற்கு ஆள் வேண்டும். தீபாவளி சீசனில் காலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் வந்து ஊரையே அள்ளிக்கொண்டு போய்விடும். மறுநாள் அந்த வேனை மறித்து நின்றேன்.

"கம்பெனிக் கூலியே தாரேன். நாலு பேரு எறங்குங்க."

"ஆர்டர் முடியலன்னு போர்மேன் கத்துறாரு, பெரியவரே," என்றாள் சன்னலோரத்தில் இருந்தவள். "வேணும்னா ஒங்க புழுவ ஏத்திவிடுங்க, திரி வச்சிருவோம்!"

வேனே சிரித்தது. போய்விட்டது.

பதினான்கு ஏக்கருக்கு நடுவில் நின்றேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே விதைத்த மக்காச்சோளம்தான் நின்றது. இரண்டு கைக்கு ஒரு ஏக்கர்தான் தாங்கும். மணல் வாளியோடு தங்கச்சி காட்டில் இறங்கினேன். அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. வரப்புக்கு அந்தப் பக்கம் புழு மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஒங்க காட்டப் பாக்கலையாண்ணே?"

"அது எங்க ஓடிரப் போகுது? மணல அள்ளு."

ஏழாம் நாள் கடைசிக் குருத்துக்கும் போட்டு நிமிர்ந்தேன். அவள் காட்டில் முக்கால்வாசி புதுக்குருத்து விட்டிருந்தது. மாடுகளுக்குத் தட்டை தேறிவிடும். என் காட்டில் இலை நரம்புதான் மிச்சம்.

"அடுத்த வருசம் எந்த வெதைண்ணே?"

புழுவை வளர்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவன் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்தன்தான். இருந்தாலும், "நீயே சொல்லுத்தா" என்றேன்.