தடா அருவியில் நான் கத்திய ஒற்றைச் சொல்

1993, தீபாவளி முடிந்த ஞாயிறு. என் தங்கைக்குக் கல்யாணமாகி எழுபது நாள். தலைதீபாவளிக்கு மாடம்பாக்கம் வந்திருந்த மேடவாக்கத்து மாப்பிள்ளை குமார், “ஏரியப் பாத்துப் பாத்து பேஜாராகீது மச்சான், எங்கனா அருவிக்குக் கூட்டினு போ” என்றார். வடக்கே, ஆந்திர எல்லைக் காட்டில் ஓர் அருவி இருப்பதாக ஆபீசில் கேள்விப்பட்டிருந்தேன். கிளம்பும்போது தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணா, அவருக்கு நீச்சல் தெரியாது. சொல்ல வெட்கப்படுவாரு. நீதான் பாத்துக்கணும்.”

தாம்பரத்தில் காலை 4.40 மின்சார ரயில். பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரோட்டைக் கடந்து, சென்ட்ரலில் கூடூர் வண்டி. தடாவில் இறங்கும்போது மணி 8.30. அங்கிருந்து பஸ், ஆளுக்கு மூன்று ரூபாய். கடைசி ஆறு கிலோமீட்டர் நடைதான். வழிகாட்ட ஒரு விறகுக்காரர் இருபது ரூபாய்க்கு வந்தார். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. எனக்குத் தெலுங்கு தெரியும் என்று வழியெல்லாம் மாப்பிள்ளையிடம் அளந்துகொண்டு வந்தேன். தெரிந்ததென்னவோ இரண்டே சொல்: ரண்டி என்றால் வாங்க, பாகுந்தி என்றால் நல்லாருக்கு. புது மாப்பிள்ளை முன்னால் பந்தா காட்ட அது போதாதா?

அருவி ஒரே கொட்டாக விழுவதில்லை. பாறைக்குப் பாறை இறங்கி, ஏழெட்டுப் படியாக வருகிறது. ஒவ்வொரு படிக்குக் கீழும் பச்சைக் குட்டை. எங்களுக்கு நல்ல வெயில். மலையுச்சி மட்டும் கறுத்திருந்தது, அதை நாங்கள் சட்டை செய்யவில்லை.

மாப்பிள்ளை நடு ஓடையில், முழங்கால் தண்ணீரில் நின்று முகம் கழுவினார். நான் கரையில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். மேல் பாறையில் இருந்த விறகுக்காரர் திடீரென்று கையை வீசிக் கத்தினார். “நீள்ளு! நீள்ளு!”

“இன்னா மச்சான் சொல்றாரு?”

“நில்லுன்றாரு மாப்ள! அப்டியே நில்லு, நவுராத!”

கரையேறக் காலெடுத்தவர் நின்றார்.

செந்நிறத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு, கிளையும் சேறுமாக வந்தது. கண்மூடித் திறப்பதற்குள் மாப்பிள்ளையைக் காணோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கை கழுத்துத் தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லையே என்றுதான் தோன்றியது. விறகுக்காரர் பாறை பாறையாகத் தாவி ஓடினார். இரண்டு படிக்குக் கீழே, விழுந்து கிடந்த மரத்தில் சிக்கியிருந்தவரைத் தலைத்துண்டை வீசி இழுத்துப் போட்டார். நெற்றியில் ஆறு தையல், மணிக்கட்டு முறிவு. உயிர் மிஞ்சியது.

இருவருமாக மாப்பிள்ளையைச் சுமந்து வந்து பஸ் ஏற்றும்வரை விறகுக்காரர் என்னைத் திட்டித் தீர்த்தார். மாப்பிள்ளை பின்சீட்டில் அரை மயக்கத்தில் கிடந்தார். இரண்டு பாஷையும் தெரிந்த எல்லைக்காரரான கண்டக்டர் என்னிடம் குனிந்து சொன்னார்: “நீள்ளுன்னா தண்ணி சார். தண்ணி வருது, ஓடுன்னு கத்தியிருக்காரு. நீங்க நிக்க வச்சிட்டீங்களாமே?”

நான் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

அடிபட்டதில் எந்தப் பக்கம் காலெடுத்தோம் என்பதே நினைவில்லாத மாப்பிள்ளை வீட்டில் தங்கையிடம், “மச்சான் நில்லுன்னு சொல்லலன்னா இன்னும் உள்ள போயிருப்பேன். உங்கண்ணன்தான் காப்பாத்துனாரு” என்றார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வாய் திறக்கவில்லை. இன்றுவரை ஒவ்வொரு விசேஷத்திலும் அவர் இதையே சொல்கிறார்.

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள். மலை கறுத்தால் ஓடையில் இறங்காதீர்கள். பாஷை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

இந்த வலைப்பூவை மாப்பிள்ளை தவறாமல் படிக்கிறார். மாப்ள, உங்களைக் காப்பாற்றியது அந்த விறகுக்காரர். தண்ணீரில் நிறுத்தியது நான்.