படகுக் கூரையில் ஒரு காவலர்

எழுபதுகளின் கடைசியில், இடுக்கி ஏரியின் மறுகரைக்குப் போகப் பிற்பகல் படகுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் படகுத்துறைக் காவலரைப் பார்ப்பேன். உயரமானவர், கழுத்தும் காதும் வெயிலில் கருகியிருக்கும். படகின் பேட்டரியைச் சார்ஜ் செய்ய, சோதனைக்காகக் கூரைமேல் ஒரு சோலார் பலகையைப் பொருத்தியிருந்தார்கள். குரங்குகள் அதன் கண்ணாடியை உடைத்தால் வேலை போய்விடும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். சாக்கால் மூடினாலோ பேட்டரி ஏறாது, இன்ஜின் கிளம்பாது. அதனால் பகல் முழுவதும் குச்சியோடு கூரையிலேயே உட்கார்ந்திருப்பார்.

அந்தச் சித்திரையில், கம்பம் ஊரில் அவருடைய தாய் படுத்த படுக்கையாகி மகனைக் கேட்பதாகச் செய்தி வந்தது.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றேன்.

"மழ பேஞ்சா சாக்கப் போட்டு மூடிட்டுப் போயிருவேன் சார். வெயிலடிக்கையில எப்பிடி எறங்குறது?"

"நீங்க வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

"ஒங்களுக்கெல்லாம் கொரங்கு பயப்படாது சார்" என்று சிரித்தார். பிறகு வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகமும் இல்லை.

அடுத்த வாரமும் மழை இல்லை. தாய் இறந்த செய்தி வந்ததும் இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் பலகை சாக்குக்கு அடியில்தான் கிடந்தது.

மூன்றாம் நாள் மொட்டைத் தலையோடு கூரையில் உட்கார்ந்திருந்தார். ஏணியில் ஏறி, என் குடையை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்தேன்.

"மடக்கிருங்க சார். நெழலு பலகையில விழுது."

மடக்கினேன். அந்தப் பலகையின்மேல் அவருக்குக் கோபமே வராதது ஏன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.