தம் உடைத்த இடம்

தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் போகும் பெரிய ரோட்டில் எங்கள் பிரியாணிக் கடை இருந்தது. கட்டடத்தின் முன்பக்கம் இன்னும் நிற்கிறது. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு உயர்த்தினார்கள். படியேறி வந்த கடைக்குக் கடைசியில் இறங்கி வரவேண்டியதாகிவிட்டது. மழைத் தண்ணீர் உள்ளே புகுந்து புகுந்து, கடையை மூடினோம். அப்புறம் என் வீட்டுக்காரர் மௌத்தாகி என்னை விட்டுப் போனார். அதற்கப்புறம் பின்பக்கத்துச் சமையல்கட்டு இடிந்து விழுந்தது.

நான் இருந்தது அந்தச் சமையல்கட்டில். கறி கழுவுவது, மசாலா அரைப்பது, அரிசிப் பதம் பார்ப்பது, மூடியில் கங்கு கொட்டித் தம் போடுவது எல்லாம் நான்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் கடையின் முன்பக்கம் வருவது வழக்கமில்லை. பிரியாணி வெந்த பெரிய தேக்சாவை ஆட்கள் தூக்கிப்போய் வாசலோரம் வைப்பார்கள். வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டையோடு வந்து, பிஸ்மி சொல்லி, மூடியைத் தூக்கித் தம் உடைப்பார். பஸ்சுக்கு நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்களாம். நான் பார்த்ததில்லை. "பாய், உங்க கை மணக்குது" என்பது மட்டும் உள்ளே கேட்கும். அவர் சிரிப்பதும் கேட்கும்.

போன மாதம் பெரும்பாக்கத்திலிருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினேன். பஸ் வருகிறவரை வெயிலுக்காக எங்கள் கடை ஷட்டரை ஒட்டி நின்றேன். ஒரு கார் வந்து நின்றது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் மனைவியோடு இறங்கினார்.

"காலேஜ் டைம்ல வாரா வாரம் இங்கதான். பாய் மூடியத் தூக்குவாரு பாரு, தெருவே மணக்கும்" என்றார்.

"நான் ஆக்கிப் போடுறதுக்கு ஒரு நாளாவது இப்படி வாய் தொறந்திருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தம்பி, அது நான் ஆக்கினது" என்றேன்.

அவர் என் முக்காட்டைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "இங்க பாத்திரம் கழுவினீங்களாம்மா?"

"பாத்திரமும் கழுவினேன். பிரியாணியும் நான்தான். அவரு என் வூட்டுக்காரரு."

"அட போங்கம்மா. நான் கண்ணால பார்த்திருக்கேன். பாய்தான் மாஸ்டர்."

அந்தப் பெண் மட்டும் என் பக்கத்தில் வந்து, "அரிசிய எப்பம்மா வடிப்பீங்க?" என்று கேட்டாள். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் படம் எடுக்கச் செல்லைத் தூக்கிப் பிடித்து அவளைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம், "கொஞ்சம் நகர்ந்துக்கோங்கம்மா, கடைய மறைக்கிறீங்க" என்றார்.

கடை நடந்த காலத்தில் ஒரு நாளும் நான் நிற்காத இடம் அது. தேக்சா வைக்கிற இடம். நான் நகரவில்லை. அவர் செல்லை ஒரு பக்கமாகத் திருப்பி, என்னை விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

கார் போனபிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அடுப்பு இருந்த இடத்தில் பச்சையாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றதில் என் பஸ்சும் போய்விட்டது.