வெளிச்சுவரில் ஒரு சுவிட்ச்

வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்தும் கொழும்புக் கொம்பனி ஒன்றில் றிஸ்மியாவின் பதவி, அரச கொள்கைப் பிரிவுத் தலைவர். இதை அவளுடைய ஊரான கற்பிட்டியில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாது. யாரும் கேட்டால் அவளுடைய உம்மா, "சோலார் கொம்பனிக்காக அரசாங்கத்தோட சண்டை பிடிக்கிற வேலை" என்று சொல்லி முடித்துவிடுவார். உண்மையில் பாதிதான் சண்டை, மீதி காத்திருப்பு. அமைச்சு வாசலில் கதிரை தேய உட்கார்ந்திருந்து, பிளேன்ரீ குடித்து, விதியொன்றில் ஒரு வரியை மாற்றச் செய்துவிட்டு வருவாள். அந்த ஒரு வரியால் எத்தனையோ வீடுகளுக்குக் கரன்ட் பில் குறையும். அவளைப் போலக் கெட்டிக்காரி இந்தத் தொழிலில் இல்லையென்று போட்டிக் கொம்பனிக்காரரே வாய்விட்டுச் சொல்வார்கள். அந்தக் கெட்டித்தனம் எங்கேயிருந்து வந்ததென்று அவர்களுக்குத் தெரியாது.

அவளுடைய கணவன் மஸாஹிர் மின்சார லைன் வேலைக்காரன். காற்றடித்துக் கம்பி அறுந்தால் ஊர் அவனைத்தான் தேடும். கம்பத்தில் ஏற முன் அந்த லைனின் சுவிட்சை இறக்கி, அதில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொள்வான். அவன் இறங்கி வந்து திறக்கும்வரை வேறு எவரும் கரன்ட் கொடுக்க முடியாது. இறங்கியதும் வீட்டுக்குப் போன் எடுத்து, "இறங்கிட்டன்" என்பான். அவ்வளவுதான். "ஒரு ஸலாம் சொல்லவும் நேரமில்லையா?" என்று அவள் கோபிப்பாள், அவன் சிரிப்பான். அந்தச் சொல் வந்த பிறகுதான் றிஸ்மியா சோற்றை அடுப்பில் வைப்பாள்.

கற்பிட்டிக்குப் பக்கத்து ஆலங்குடாவில் கடலைப் பார்த்தபடி, ஒடுங்கிய தெருவாக ஒரு ஒழுங்கை இருக்கிறது. ஒரு மாரிகாலப் பின்னேரம் அங்கே கம்பி அறுந்து கிடந்தது. மஸாஹிர் பூட்டுப் போட்டான், சாவியைப் பையில் வைத்தான், ஏறினான், கம்பியில் கரன்ட் இல்லையென்று சோதித்தும் பார்த்தான். கம்பியை நிலத்தோடு இணைக்கும் வயரைக் கொளுவப் போன நேரம், பொழுது படுகிறதே என்று யாரோ தங்கள் வீட்டு ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, வயரைச் சுவர்ப் பிளக்கில் செருகினார்கள். அப்படிச் செருகினால் வீடு முழுக்க லைட் எரியும். கூடவே அந்தக் கரன்ட் மீட்டரைத் தாண்டி வெளியே லைனுக்கும் போகும். செருகியவருக்கு அது தெரியாது. மஸாஹிரின் பூட்டு ஒரு பக்கத்தைக் காத்தது, சாவு மற்றப் பக்கத்தால் வந்தது.

சனம் ஓடிவந்தபோது ஒழுங்கை முழுவதும் இருட்டாக இருந்தது. எந்த வீட்டில் ஜெனரேட்டர் ஓடியது என்று கேட்டதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு றிஸ்மியாவுக்குப் போன் வரவில்லை. சாவி மட்டும் வந்தது.

அப்போது அவள் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். கணவனை இழந்தவள் வெளியே போகாமலிருக்கும் இத்தா மாதங்களில், அறைக்குள் இருந்தபடி மின்சார விதிகளை ஒன்றுவிடாமல் வாசித்தாள். எந்த விதி அவனைக் காப்பாற்றியிருக்கும் என்பது ஒன்றுதான் அவளுடைய தேடல். அப்படியொன்று அவள் கண்ணில் படவில்லை. அந்த வாசிப்புத்தான் பிறகு உத்தியோகமாயிற்று.

எவ்வளவு வாசித்தும் ஒன்று மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. கரன்ட் போனால் அவள் கை தானாகப் போனைத் தேடும். கூட்டத்தின் நடுவிலோ லிப்டுக்குள்ளோ எங்கே லைட் அணைந்தாலும் அப்படித்தான். சில வேளை அடிப்பது போலவே இருக்கும். எடுத்துப் பார்த்தால் ஒன்றுமிராது. அந்த ஒழுங்கையின் மேல் அவளுக்கு இருந்தது வெறுப்பு, அதை மூடிமறைக்க ஒன்றுமில்லை. அதிலும் றோசமேரி என்ற பெண்ணின் வீட்டின் மேல் கூடுதல் வெறுப்பு. மஸாஹிர் மௌத்தான மறுநாளே அந்த வீட்டு ஜெனரேட்டர் மறைந்துவிட்டதாக ஒரு கதை அவள் காதுக்கு வந்திருந்தது.

இப்படியிருக்க, புதிதாக ஒரு வரைவு விதி வந்தது. சோலாரும் பெட்டரியும் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டின் வெளிச்சுவரிலும், லைன் வேலைக்காரன் இறக்கிப் பூட்டுப் போடக்கூடிய சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும். கொம்பனி முதலாளி ஸியாத் அதை எடுத்துவிடச் சொன்னார்.

"லைன் செத்தா எங்கட மெசின் வெளியே குடுக்கிறத தானா நிப்பாட்டும், றிஸ்மியா. சோதிச்சுக் காட்டியாச்சு. பொறகு வீட்டுக்கு வீடு இன்னொரு செலவு என்னத்துக்கு? ஏழைச் சனம் வாங்காமப் போயிரும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. மஸாஹிர் எப்படி மௌத்தானான் என்று அவள் அங்கே யாருக்கும் சொன்னதில்லை. இரக்கப்பட்டு யாரும் தனக்கு வேலை தரக் கூடாது என்ற பிடிவாதம் அவளுக்கு. ஆகவே வேலையை வேலையாகச் செய்தாள். விதியை முடிவு செய்யும் ஆணைக்குழுவில் போய், அந்த மெசினே போதுமென்று தெளிவாகப் பேசினாள். அதிகாரிகள் தலையாட்டினார்கள். அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியாகக் கரையோரத்து வீட்டுக்காரர் இரண்டொருவர் ஆணைக்குழுவுக்கு வந்து, அந்தச் செலவு தங்களுக்குப் பாரம் என்று சொன்னால் போதும். சோலார் கேட்டிருந்தவர்களில் ஆலங்குடா றோசமேரியும் ஒருத்தி. வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். அந்த முகத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று றிஸ்மியாவே போனாள்.

றோசமேரி கதிரை போட்டு, தேத்தண்ணி வைத்தாள். கதைத்துக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்துக் காற்று எழும்பி, கரன்ட் போய்விட்டது. றிஸ்மியாவின் கை போனுக்குப் போனது. ஜெனரேட்டர் சத்தம் இப்போது கேட்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு வீட்டிலும் சத்தமில்லை. ஒழுங்கைச் சனம் ஒவ்வொன்றாக வெளியே வந்து, படலையில் பேசாமல் நின்றது.

"ஜெனரேட்டர் இல்லையா அக்கா?"

"இருக்கு தங்கச்சி. எங்கடதை மட்டும் அண்டைக்கே கொண்டுபோய்க் கடல்ல போட்டிட்டார் மனிசன். மற்றாக்களிட்ட இருக்கு. ஆனா லைன் ஆக்கள் வந்து, ஏறி இறங்கிப் போகும்வரைக்கும் இந்த ஒழுங்கையில ஒருத்தரும் தொடமாட்டம்."

றோசமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நீங்க ஆரெண்டு படலையைத் திறக்கேக்கயே எனக்குத் தெரியும். மையத்து வீட்டுக்கு வந்து, உள்ளுக்கு வர முகமில்லாமத் திரும்பினனான். அண்டைக்கு மூண்டு வீட்டில ஓடினது தங்கச்சி. எங்கடதும் ஒண்டு. ஆர்ட கரன்ட் அவரைப் பிடிச்சதெண்டு மூண்டு வீட்டுக்கும் தெரியாது. தெரியாமலே கிடந்து சாகிறம்."

அந்த முகத்துக்கு நேரே சொல்வதற்கென்று றிஸ்மியா எத்தனையோ சொற்களைச் சேர்த்து வைத்திருந்தாள். வெறுக்க ஒரு வீடு இருந்தது, இப்போது அதுவும் இல்லை என்று அவளுக்கு அழுகைதான் வந்தது. இரண்டு பெண்களும் அந்த இருட்டில் ஒரே மர வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த நாள் ஸியாத்தின் மேசையில் மஸாஹிரின் சாவியை வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் அந்தச் சாவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"ஆனா மெசின் தானா நிக்குமே, றிஸ்மியா."

"அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கம்பத்தில ஏறுறவனுக்கு எப்பிடித் தெரியும், சேர்? அவன்ட கையால பூட்டுறதுக்கு ஒண்டு இருக்கோணும்."

ஸியாத் இதற்குத் தலையாட்டினார். தானே பாதி அழித்த வரியைக் காப்பாற்ற அவள் திரும்ப ஆணைக்குழுவுக்கு ஏறி இறங்கினாள். போன மாதம் சொன்னதை இந்த மாதம் மறுத்துப் பேசுவது லேசான வெட்கமில்லை. இளம் அதிகாரி ஒருவர் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். வரி நிலைத்தது.

றோசமேரி வீட்டில் சோலார் பொருத்தி முடிந்ததைப் பார்க்கப் போன பின்னேரமும் காற்றுத்தான். கரன்ட் போயிற்று. பெட்டரியில் அந்த வீட்டு லைட் மட்டும் எரிந்தது. ஒழுங்கை திரும்பிப் பார்த்தது. றோசமேரி பதறிப்போய் லைட்டை அணைக்க ஓடினாள்.

"இருக்கட்டும் அக்கா. வெளியில போகாது," என்றாள் றிஸ்மியா.

லைன் வேலைக்கார இளைஞன் ஒருவன் வந்தான். ஒழுங்கை முனையில் லைனின் சுவிட்சைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருந்தான். இங்கேயும் வெளிச்சுவர்ச் சுவிட்சை இறக்கினான், இன்னொரு பூட்டைப் போட்டான், சாவியைப் பையில் வைத்தான். உள்ளே லைட் எரிந்துகொண்டேயிருந்தது. அவன் ஏறினான். றிஸ்மியா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அண்ணாந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் சப்பாத்துக் கால் மணலில் குதிக்கும் சத்தம் கேட்டது. அவன் இரண்டு பூட்டையும் கழற்றிவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து, அலுவலகத்துக்குப் போன் எடுத்தான்.

"இறங்கிட்டன் சேர். இனிப் போடுங்க."

றிஸ்மியாவின் போனும் அவள் காதில் இருந்தது. எப்போது எடுத்து வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பக்கம் யாருமில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு உம்மாவுக்கு எடுத்து, சோற்றை அடுப்பில் வைக்கச் சொன்னாள்.