சீட்டுக் காசுக்குக் கட்டம் இல்லை

காசு அனுப்புற கடையில வேலை பாக்குறவங்களுக்கு ரெண்டு வகை ஆளுங்களைத்தான் பிடிக்காது: ரேட்டு ஏன் குறைஞ்சுதுன்னு கேக்குறவங்க, ரேட்டு ஏன் ஏறலைன்னு கேக்குறவங்க. ரெண்டும் ஒரே ஆளுதான்னு கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னாடி நின்ன யாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

நான் திருச்சிக்காரி. பாரிஸுக்கு நிதி மேலாண்மை படிக்க வந்தேன். வகுப்பு இல்லாத நேரம் தமிழ்க் கடைங்க நிறைஞ்ச லா ஷப்பல்ல, சிவம் அண்ணா கடையில நிக்கிறேன். அண்ணா யாழ்ப்பாணம். கடைக்கு வர்றவங்கள்ல பாதி அவரோட ஊர்க்காரங்க. மீதிப் பாதி ஸ்பானிஷ் பேசுறவங்க: எக்வடோர், பெரு, கொலம்பியா. இந்த ரெண்டு கூட்டத்தையும் கோத்துவிட்டது ஏர்போர்ட் பக்கம் கூசேன்வில்ல இருக்குற வதனி அக்கா, அவங்களும் யாழ்ப்பாணம்தான். ஏர்போர்ட்ல துப்புரவு வேலை. கூட வேலை பாக்குற ஸ்பானிஷ் பொம்பளைங்களை ஒவ்வொருத்தரா இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க. எனக்குக் கோவம் சீக்கிரம் வரும். அதுக்குத் தனியா சம்பளம் கிடையாது.

யார்கூட சண்டை போடுறது

அப்படி வந்தவங்கள்ல ஒருத்தி மரிசோல், எக்வடோர்காரி. ஸ்பெயின்ல ரொம்ப வருஷம் இருந்து அந்த ஊர் பாஸ்போர்ட் வாங்கிட்டு பாரிஸ் வந்தவ. மாசாமாசம் அம்மாவுக்குக் காசு அனுப்ப வருவா. ரேட்டைப் பாப்பா, திட்டுவா, கமிஷனைக் கேப்பா, மறுபடி திட்டுவா. ஒருநாள் நானே பொறுக்க முடியாம, "மரிசோல், உன் போன்லயே ஆப் இருக்கு. அதுல கமிஷன் இங்க வாங்குறதுல பாதிதான். இவ்வளவு தூரம் வந்து வரிசையில நின்னு ஏன் என் உயிரை வாங்குற?"ன்னு கேட்டுட்டேன்.

"காசு போய்ச் சேரலைன்னா ஆப்பை எங்க போய்ப் பிடிப்பேன்? உன்னை இங்க வந்து பிடிக்கலாம்"னா. அவ பேசுறது பாதி பிரெஞ்சு, பாதி ஸ்பானிஷ், நடுவுல ஆமாங்கிறதுக்கு வதனி அக்காகிட்ட கத்துக்கிட்ட யாழ்ப்பாணத்து "ஓம்." உள்ள இருந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த சிவம் அண்ணா எட்டிப் பாத்தாரு: "பிள்ளை, நீர் எனக்கு வேலை செய்யிறீரோ, இல்லை அந்த டெலிபோனுக்கோ?"

சம்பள நாள்

எங்க வகுப்புல ஒரு பாடம் முழுக்க 'வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஏன் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை'ன்னு. அவங்களுக்கு நிதி அறிவு குறைச்சலாம். வாத்தியார் படம் போட்டுக் காட்டுனாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. ஏன்னா சம்பளம் ஏறின அன்னிக்கே ஏடிஎம் மெஷின்ல இருந்து மொத்தத்தையும் உருவிட்டு வர்ற கூட்டத்தை வாராவாரம் பாக்குறேனே.

ஒரு சம்பள நாள்ல மரிசோலைப் பிடிச்சுக்கிட்டேன். "கொஞ்சத்தையாவது பேங்குல விட்டு வெச்சா என்ன? பேங்கு கடிக்குமா?"

"எங்க ஊர்ல ஒரு நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா எல்லா பேங்கும் பூட்டியிருந்துச்சு. திறந்தப்போ எங்கப்பா காசு ஒரு வாரச் சாப்பாட்டுக்குத்தான் வந்துச்சு. அப்ப நான் சின்னப் பொண்ணு. கடிக்குமான்னா கேக்குற?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அண்ணா முந்திக்கிட்டாரு. "எங்கடை ஊரிலை பாங்கைப் பூட்டேல்லை, பிள்ளை. பாங்குக்குப் போற றோட்டைத்தான் பூட்டினவங்கள்."

அவசரம்

மரிசோல் அப்போ ஒரு ரூம்ல மூணு பேரோட இருந்தா. பாரிஸுக்கு வெளிய பொண்டியில ஒரு ஸ்டூடியோ, அதாவது ஒத்த ரூம் வீடு, கிடைக்கிற மாதிரி இருந்துச்சு. ஜன்னல் இருக்கு, கதவுக்குப் பூட்டு இருக்கு, குளியலறை வீட்டுக்குள்ளயே இருக்கு. முன்பணமும் முதல் மாச வாடகையும் வெள்ளிக்கிழமைக்குள்ள கணக்குல இருந்து கணக்குக்குப் போகணும். இல்லன்னா வரிசையில அடுத்த ஆளுக்கு. நோட்டா குடுத்தா வாங்க மாட்டாங்க.

வதனி அக்கா ஏர்போர்ட் கூட்டத்தை வெச்சு ஒரு சீட்டு பிடிக்கிறாங்க. பாதி தமிழ், பாதி ஸ்பானிஷ். ஆளுக்கு மாசம் இருநூறு ஈரோ. ஸ்பானிஷ்காரங்க ஊர்லயும் இதே பழக்கம் இருக்கு, ஆனா அங்க ஏலம் கிடையாது. அவசரம் இருக்குறவங்க முதல்ல எடுத்துக்குவாங்க, அவ்வளவுதான். வதனி அக்கா சீட்டுல யாரு அதிகம் கழிவு விடுறாங்களோ அவங்களுக்குத்தான். கழிவு எவ்வளவோ அது எல்லாருக்கும் அந்த மாசம் மிச்சம். எங்க கடை கவுண்டர்லதான் ஏலம். மரிசோல் தலைக்கு முப்பது ஈரோ விட்டுக் குடுத்து எடுத்தா. அதாவது மத்தவங்க இருநூறுக்குப் பதிலா நூத்தி எழுபது குடுத்தாப் போதும்.

நெல்லின்னு பெருநாட்டுக்காரி ஒருத்தி, பெரிய குரல். "வீட்டுக்காகத் தவிக்கிறவகிட்ட ஏலமா? வெக்கமா இல்ல?"ன்னு குதிச்சா. கடையில நின்னு பழகின ஸ்பானிஷை வெச்சு நான் மொழிபெயர்த்தேன், கொஞ்சம் குறைச்சுத்தான். வதனி அக்கா நோட்டை அடுக்குறதை நிறுத்தாமலே சொன்னாங்க: "அவசரம் இல்லாத ஆர் இஞ்சை சீட்டுக் கட்டுகினம்? எனக்கு ஒராளைக் காட்டு பாப்பம்."

கடனா, பரிசா

நோட்டை எல்லாம் மரிசோல் கணக்குல போட்டா. வாழ்க்கையில முதல் தடவையா பேங்குக்குக் காசு கொண்டு போயிருக்கா. மறுநாள் கணக்கை முடக்கிட்டாங்க. இவ்வளவு நோட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு ஆதாரம் கேட்டுக் கடிதம். அவ கடிதத்தைக் கொண்டு வந்து கவுண்டர்ல வெச்சா. ரேட்டைப் பாக்கவே இல்ல. "பிள்ளை, உம்மடை வாயையும் கொண்டு கூடப் போம்"னு அண்ணா என்னை அனுப்பினாரு.

பேங்குல ஒரு சின்னப் பையன், கோட்டு தோளைவிடப் பெருசு. ஒழுங்கா மரியாதையாத்தான் பேசினான், அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. "இது கடனா?" இல்ல. "பரிசா?" இல்ல. "எதையாவது வித்தீங்களா?" இல்ல. "அப்போ இத்தனை பேர் ஏன் இவங்களுக்குக் காசு குடுத்தாங்க?" அடுத்தடுத்த மாசம் இவங்க அவங்களுக்குக் குடுப்பாங்கன்னேன். "அப்போ கடன்தானே?" ஐயா சாமி, ஏற்கனவே அவங்களுக்கு இவ குடுத்திருக்கான்னேன். "அப்போ அவங்க திருப்பிக் குடுக்குறாங்களா?" அதுவும் இல்ல! இதெல்லாம் உங்க மெஷின்லயே எடுத்த சம்பளக் காசு, ஒரு சுத்து சுத்திட்டு உங்ககிட்டயே வந்திருக்குன்னு மேசையைத் தட்டினேன்.

அவன் திரையை எங்க பக்கம் திருப்பிக் காட்டினான். கடன், பரிசு, விற்பனை, வேற எதுவும் இல்ல. "மேடம், நான் உங்களை நம்புறேன். ஆனா இதுக்கு என்கிட்ட கட்டம் இல்ல."

வேலை உடுப்போட

எழுத்துல குடுத்தா மேல அனுப்பிப் பாக்குறேன்னு ஒரு வழி சொன்னான். காசு குடுத்த ஒவ்வொருத்தரும் எவ்வளவு குடுத்தேன்னு கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடணும், அடையாள அட்டை நகலோட. சரின்னு வதனி அக்காவுக்கு போன் பண்ணேன். பேப்பர் வரும்னு பாத்தா வியாழக்கிழமை ஆளுங்களே வந்துட்டாங்க. வேலை முடிஞ்ச கையோட, நீல உடுப்போட, ஏர்போர்ட் அட்டை கழுத்துல தொங்க, மொத்தச் சீட்டும். உக்கார நாற்காலி பத்தல. எல்லாரும் அங்கயே எழுதினாங்க. பையன் கூட்டிப் பாத்தான். முகம் மலர்ந்துச்சு. போட்ட காசும் எழுதின காசும் சரியா இருக்கு!

"இல்லை, பிழை!" வதனி அக்கா எந்திரிச்சுட்டாங்க. "அவ்வளவு வராது. நான் குடுத்தது அதிலும் குறைவு. என்ரை கணக்குப் பிழைக்காது!" பேங்குக்காரன் காசு சரின்னு சொல்றப்போ அதிகமா இருக்குன்னு சண்டைக்குப் போற ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? நான் பாத்தேன். பையன் முகம் மறுபடி சுருங்குது. மரிசோல் கண்ணை மூடிக்கிட்டா. நான் பேப்பரைப் பிடுங்கிப் பாத்தேன். தமிழ்ப் பொம்பளைங்க எல்லாம் நூத்தி எழுபதுன்னு எழுதியிருக்காங்க. ஸ்பானிஷ் பொம்பளைங்க எல்லாம் இருநூறு. கடைசியில நெல்லி ஒத்துக்கிட்டா: சீட்டு எடுத்த அன்னிக்கு ட்ரெயின்ல போறப்போ அவங்கல்லாம் ஆளுக்கு முப்பதை மரிசோல் கையிலயே திருப்பி வெச்சுட்டாங்களாம். "அவசரக்காரிகிட்ட நாங்க லாபம் பாக்க மாட்டோம்!"

"என்ரை சீட்டிலை எனக்குத் தெரியாமல் இன்னொரு சீட்டோ? அப்ப நாங்கள் மட்டும் கல்நெஞ்சுக்காரியளோ? தானம் செய்யிறதெண்டால் கோயில் ரூ பஜோல் தெருவிலை கிடக்குது, அங்கை போய்ச் செய்யட்டும்!" வதனி அக்கா தமிழ்ல, நெல்லி ஸ்பானிஷ்ல, நடுவுல நான் ரெண்டு பேரையும் பிரெஞ்சுல அடக்கிக்கிட்டு. இன்னொரு தமிழக்கா பர்ஸைத் திறந்து முப்பதை எடுத்து மரிசோல் மடியில போட, அது புதுக் காசு, கணக்குல சேராது, உள்ள வைங்கன்னு நான் கத்த, உள்ள இருந்து மேனேஜரம்மா வெளிய வந்துட்டாங்க. என்ன பிரச்சினைன்னு பையன்கிட்ட கேட்டாங்க. அவன் பேப்பரை எல்லாம் அடுக்கி அவங்க கையில குடுத்துட்டுச் சொன்னான்: "பிரச்சினை இல்ல மேடம். இவ்வளவு சண்டை போடுறவங்க சேர்ந்து கள்ளப் பணம் மாத்த முடியாது."

சாவி

வெள்ளிக்கிழமை மத்தியானம் முடக்கத்தை எடுத்தாங்க. சாயங்காலத்துக்குள்ள காசு போயிடுச்சு. மரிசோலுக்கு வீடு கிடைச்சுது. சாவியைக் கொண்டு வந்து கவுண்டர்ல வெச்சு, தொட்டுப் பாருன்னா. தொட்டேன். சாவிதான். வதனி அக்கா அடுத்த ஏலத்துல ஒரு புது விதி கொண்டு வந்தாங்க: வீட்டுக்காக எடுக்குறவங்களுக்குக் கழிவு இல்ல. நெல்லிகிட்ட இன்னும் பேசுறதில்ல, ஆனா ட்ரெயின்ல பக்கத்துலதான் உக்காருறாங்க.

அதுக்கப்புறம் பேங்குல இருந்து மரிசோலுக்கு இன்னொரு கடிதம். ரெண்டு மாசத்துல அவ கணக்கை மூடிருவாங்களாம். காரணம் போடல. போடணும்னு அவங்களுக்கு அவசியமும் இல்லையாம், தேடிப் படிச்சுட்டேன். எனக்கு மண்டைக்குள்ள ரத்தம் ஏறிடுச்சு. புகார் எழுதுவோம், விடக்கூடாது, நான் வர்றேன் வான்னு ஜாக்கெட்டைக் கூட மாட்டிட்டேன். மரிசோல் கடிதத்தை மடிச்சுப் பையில வெச்சா. "உக்காரு. பேங்கு இந்தத் தெருவுல மட்டும் நாலு இருக்கு. வீடுதான் இல்ல, அது எனக்குக் கிடைச்சிருச்சு."

வாடிக்கையாளரை நல்லாத் தெரிஞ்சு வெச்சுக்கணும்ங்கிறதுதான் பேங்குக்கு முதல் விதின்னு எங்க வகுப்புல சொல்லிக் குடுக்குறாங்க. எங்க ஆளுங்க விஷயத்துல, நல்லாத் தெரிஞ்சுக்கிட்ட உடனே கிளம்பச் சொல்லிடுறாங்க.