அமாவாசையன்று காஞ்சியில் ஒரு கார் பந்தயம்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டே காரணம் வைத்திருப்பார்கள்: கோயில், புடவை. நான் போனது கார் பந்தயத்துக்கு. ஆடி மாத அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. பந்தயம் நடந்த இடம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டு முன்னறை. கார் கிடையாது, ரோடு கிடையாது. ஒரு ஸ்டீரிங், மூன்று பெடல், ஒரு திரை, அவ்வளவுதான்.

இந்தப் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் கட்சி தெரியும். கோயம்புத்தூர்க்காரன் நான். இளவயதில் சொந்தக் காசைப் போட்டு ஃபார்முலா கார் ஓட்டியவன், இப்போது ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன். கணினியில் ஓட்டுவதெல்லாம் பந்தயமே அல்ல என்று இங்கேயே எழுதி, இளசுகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். காருக்குள் இருக்கும் சூடு, வளைவில் கழுத்தைப் பிடித்து இழுக்கும் பாரம், பிரேக் தீயும் வாடை, எல்லாவற்றுக்கும் மேலே பயம். இதில் ஒன்றுகூட இல்லாததைப் பந்தயம் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படிப்பட்டவன் எட்டு மாதமாக ரேவதி என்ற பெண்ணுக்குக் காதில் பேசும் ஆளாக இருந்தேன். ஓட்டுபவருக்கு ஹெட்போன் வழியாக எங்கே பிரேக், எங்கே பொறுமை என்று சொல்லும் வேலை. என்னைத் திட்ட வந்தவர்களில் அவளும் ஒருத்தி. “நீங்க ஓட்டன ரோட்டையே நான் கம்ப்யூட்டர்ல ஓட்டறேன், வந்து பாருங்கண்ணா” என்று எழுதியிருந்தாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் இருக்கும் பந்தயத் தளத்தை அச்சு அசலாகக் கணினிக்குள் செய்து வைத்திருக்கிறார்கள். பார்த்தேன். கோவையிலிருந்தே, ஆன்லைனில். மூன்றாவது சுற்றிலேயே வாயை மூடிக்கொண்டேன். என்னால் ஒருநாளும் சரியாகப் போக முடியாத ஒரு இடது வளைவில் அவள் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

ரேவதிக்குத் தொழில், பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுப்பது. கணவர் குமரன் தறி நெய்கிறார். தறி அவள் அறைக்கு அடுத்த அறையில். பயிற்சியின்போது அவள் மைக்கில் எப்போதும் ‘டக்... டக்...’ என்று பலகை வந்து அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அது தலைவலி.

“அம்மிணி, அந்தச் சத்தத்த ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்களேன்.”

“தறி நின்னா சோத்துக்கு இன்னாண்ணா பண்றது?”

இது வாராவாரம் நடக்கும் உரையாடல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாடு முழுவதற்குமான ஒரு ஆன்லைன் போட்டி. ஒரு மணி நேரம் ஓட்டலாம், எத்தனை சுற்று வேண்டுமானாலும். அதில் மிக வேகமான ஒரு சுற்று மட்டும் கணக்கு. முதல் ஆறு பேரை அந்த நிஜத் தளத்துக்கே கூப்பிட்டு, நிஜ ஃபார்முலா காரில் ஒரு நாள் ஓட்ட விடுவார்கள். காரை வாடகைக்கு எடுக்கவே அப்பன் சொத்து வேண்டியிருக்கும் விளையாட்டில், ரேவதி மாதிரி ஒருத்திக்கு வேறு கதவு கிடையாது. ஓட்ட மூன்று நாள் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசி நாள் அமாவாசை. காஞ்சியில் அமாவாசையன்று தறி ஓடாது, நெசவாளர்களுக்கு அதுதான் விடுமுறை. “அந்த நாளையே எடுங்க அம்மிணி, வீடு அமைதியா இருக்கும், நானும் நேர்ல வர்றேன்” என்றேன். என் யோசனைதான்.

கோவையிலிருந்து இரவு ரயில், விடிகாலையில் அரக்கோணம். அங்கிருந்து காஞ்சிக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். ஏழரைக்கு இறங்கி, மந்தாரை இலை மணக்கும் கோயில் இட்லி ஒரு துண்டு சாப்பிட்டேன். மிளகும் சுக்கும் தொண்டையில் இறங்கும்போது ரயில் தூக்கம் போய்விட்டது.

பந்தயம் பிற்பகல் மூன்று மணிக்குத்தான். அதுவரை திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலுக்குப் போய் வரலாமென்று ஆட்டோ பிடித்தேன். போக, காத்திருக்க, பிள்ளையார்பாளையத்தில் இறக்கிவிட எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்.

“இன்னா சார், ஊருக்கு வந்தது கோயிலுக்கா பொடவைக்கா?” என்றார் ஓட்டுநர்.

“கார் ரேஸுக்குங்க.”

கண்ணாடியில் என்னை ஒரு பார்வை பார்த்தார். “நம்ம ஊர்ல ஏது சார் ரேஸு? பஸ் ஸ்டாண்டாண்ட ஷேர் ஆட்டோக்காரங்க போடறாங்களே, அதுவா?”

சமணக் கோயிலின் மேற்கூரை ஓவியங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். கூட்டமே இல்லை. கடைசியாக என் கழுத்து இப்படி வலித்தது ஃபார்முலா காரில்தான் என்று நினைத்துக்கொண்டேன். காஞ்சி போகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள், ஊரிலிருந்து பத்து நிமிடம்தான்.

பிள்ளையார்பாளையத் தெருக்கள் அன்று வெறிச்சோடிக் கிடந்தன. மற்ற நாளில் காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை நீட்டிப் பாவு போடுவார்களாம். அன்று ஒரு இழையைக் காணோம். வீட்டுக்கு வீடு கேட்க வேண்டிய தறிச் சத்தமும் இல்லை. எனக்குப் பரம திருப்தி.

ரேவதி நான் நினைத்ததைவிட உயரம் குறைவு, பேச்சு மட்டும் ஹெட்போனில் கேட்ட அதே வேகம். குமரன் வாழையிலையில் சோறு போட்டு, பாயசத்தை இரண்டு முறை ஊற்றினார். சாப்பிடும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது.

“கம்ப்யூட்டர்ல மோதுனா ஒரு பட்டன அமுக்குனா கார் புதுசாயிருதுங்க. பயமில்லாம ஓட்டறதுல என்ன இருக்குது அம்மிணி?” என்றேன்.

“அந்த லெஃப்ட் திருப்பத்துல நான் நாப்பது வாட்டியாவது செவுத்துல மோதியிருப்பேண்ணா. மோதி மோதித்தான் பிரேக்க எங்க விடணும்னு கத்துக்கினேன். நீங்க எத்தினி வாட்டி மோதனீங்க?”

“ஒரு வாட்டி.”

“அப்புறம்?”

“அப்புறம் காரச் சரி பண்ணக் காசில்லைங்க. அதோட நின்னு போச்சு.”

அவள் சிரிக்கவில்லை. “பாத்தீங்களா, உங்களுக்கு ரெண்டாவது வாட்டியே குடுக்கல” என்று சொல்லிவிட்டு அப்பளத்தை என் இலையில் வைத்தாள். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக நான் பயம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி, பணமில்லாத பயம்தான்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தாள். வெறுங்காலோடுதான் ஓட்டுவாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன், குமரன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். பட்டியலில் ஆறாவது இடத்தில் இருந்தவரின் நேரம், பயிற்சியில் அவள் சாவகாசமாகப் போட்ட நேரம்தான். அரை மணியில் முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம் என்றே நினைத்திருந்தேன்.

முதல் பத்து நிமிடம் எதுவும் சரியாக வரவில்லை. ஒவ்வொரு சுற்றும் அரை நொடிக்கு மேல் பின்தங்கியது. பந்தயத்தில் அரை நொடி என்பது அடுத்த ஊர். பதினேழாவது இடம். ரேவதி ஹெட்போனைக் கழற்றி ஊதிப் பார்த்தாள், வயரை அழுத்தினாள்.

“சவுண்டு சரியா வருதாண்ணா? இன்னாவோ ஒண்ணு கொறையுது. காது அடச்ச மாதிரி இருக்குது.”

“எல்லாம் சரியா வருதுங்க. நிதானமாப் போங்க.”

நிதானமாகப் போனால் இன்னும் மெதுவானது. அவசரமாகப் போனால் அதே இடது வளைவில் வெளியே போய்ச் சுவரில் மோதினாள், இரண்டு முறை. திரையின் ஓரத்தில் பிரேக்கை மிதிப்பதும் விடுவதும் கோடாகத் தெரியும். வளைவுக்குள் போகும்போது பிரேக்கை ஒரேயடியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், அதுதான் அவள் கைவந்த வித்தை, இல்லை, கால்வந்த வித்தை. எட்டு மாதமாகச் சரிவாக இறங்கிய அந்தக் கோடு அன்று செங்குத்தாக விழுந்தது. காலைச் சட்டென்று எடுத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அரை மணி நேரம் ஓடிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்தபோது அவள் பார்வை திரையில் இல்லை, பக்கத்துச் சுவரில் இருந்தது.

குமரனுக்குத்தான் முதலில் புரிந்தது. “ரேவதி, நான் தறி ஓட்டிக்கினு இருக்கறப்போ ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுலதான நீ கால எடுப்ப?”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்த நொடிவரை அவளுக்கே அது தெரியாது. தறியின் ஒரு அடியிலிருந்து அடுத்த அடிவரை இருக்கும் நேரம்தான் அவள் கால் பிரேக்கிலிருந்து இறங்கும் நேரம். அந்த அளவைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த சத்தத்தைத்தான் நான் நாள் பார்த்து நிறுத்தியிருந்தேன்.

“நான் போயி உக்காரட்டுமா? பத்து நிமிஷம்தான, யாருக்குத் தெரியப் போவுது?” என்றார் குமரன்.

“வாணாங்க.”

“அடப் போம்மா. ஒரு நாள்தான.”

“வாணாம்னு சொல்றேன்ல. உங்க அப்பா காலத்துலர்ந்து அமாவாசையில யாரும் தறிக் குழியில எறங்கனதில்ல. நான் கார் ஓட்டணும்னு எறங்குவீங்களா? தோத்தா தோத்துட்டுப் போறேன்.” அவள் குரல் உடைந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். குமரன் நகரவில்லை.

எனக்கு அவமானமாக இருந்தது, கோபமும் வந்தது, கோபம் என் மேல்தான். அப்போதுதான் சட்டைப் பையில் இருந்த போன் நினைவுக்கு வந்தது. பயிற்சிகளை எல்லாம் பதிவு செய்து வைத்து, அடுத்த நாள் கடையில் உட்கார்ந்து கேட்பேன், அவளுக்கு எங்கே என்ன சொல்லலாம் என்று பார்ப்பதற்காக. போன வாரத்துப் பதிவை எடுத்து, சத்தத்தை முழுக்க வைத்து, மேசைமேல் அவள் காதுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

டக்... டக்... டக்...

கூடவே என் குரலும். ‘அம்மிணி, அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்க, காது போகுது.’ குமரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ரேவதி திரும்பவே இல்லை. தோள் இரண்டும் இறங்கின. இரண்டு சுற்று சும்மா ஓட்டினாள். மூன்றாவதில் கோடு மறுபடி சரிவாக இறங்கத் தொடங்கியது. பன்னிரண்டாவது இடம். ஒன்பது. போன் மட்டும் விடாமல் ‘நிறுத்துங்க அம்மிணி’ என்று கெஞ்சிக்கொண்டே இருந்தது. கடைசிச் சுற்றில் அந்த இடது வளைவைச் சுவரைத் தொடுகிற மாதிரி எடுத்து வெளியே வந்தாள். ஐந்தாவது இடம். மாலை மற்றவர்கள் ஓட்டி முடித்தபோது ஒன்று இறங்கி ஆறில் நின்றது. போதும். குமரன் அதற்கும் பாயசம் ஊற்றினார்.

பயணக் குறிப்புகளை இங்கேயே கொடுத்துவிடுகிறேன், கடைசியில் எழுத மனம் வராது. நெசவு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அமாவாசையன்று போகாதீர்கள், காலண்டர் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள். தெருவில் பாவு போடுவதைப் பார்க்க வேண்டுமானால் வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும், நடுவில் வண்டியை விட்டுக்கொண்டு போகாதீர்கள். சமணக் கோயிலுக்கு மதியம் போனால் பூட்டியிருக்கலாம், காலையே நல்லது. பந்தயத் தளத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் காஞ்சியிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலை வழியாக ஒரு மணி நேரம், ஆனால் பந்தயம் உள்ள நாளில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள்.

கணினிப் பந்தயம் பற்றிய என் கருத்து மாறிவிட்டதா என்று கேட்பீர்கள். பாதி. அதில் சூடு இல்லை, வாடை இல்லை, கழுத்து வலி இல்லை என்று இப்போதும் சொல்வேன். ஆனால் இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது, நாற்பதாவது வாய்ப்பும் இருக்கிறது. நான் நேசித்த பந்தயம் எனக்கு அதைத் தரவில்லை.

மூன்று வாரம் கழித்து நிஜத் தளத்தில் ரேவதியைப் பார்த்தேன். அடையாளமே தெரியவில்லை. தீப்பிடிக்காத உடுப்பு, ஹெல்மெட், வெறுங்காலுக்குப் பழகியவளின் காலில் இறுக்கமான ஷூ. முகம் வெளிறிப் போயிருந்தது. “இன்னாண்ணா, இப்படி ஆடுது?” என்றாள் இஞ்சின் உறுமத் தொடங்கியதும். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த இஞ்சின் இரைச்சலில் தறி மட்டுமல்ல, இடி விழுந்தாலும் கேட்காது. போனை வைத்து ஏமாற்றவும் வழியில்லை.

பழைய மெக்கானிக் நண்பர் ஒருவர், ரேடியோவில் அவள் பேசுவதைக் கேட்க எனக்கு ஒரு ஹெட்செட் கொடுத்தார். பக்கத்தில் குமரன், ஒரு நாள் நெசவை விட்டுவிட்டு வந்து, கம்பி வேலியைப் பிடித்தபடி நின்றார். முதல் இரண்டு சுற்று அவள் மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது சுற்றில், அந்த இடது வளைவு நெருங்கும்போது, இரைச்சலுக்கு நடுவே வேறு ஒரு சத்தம். நாக்கை அண்ணத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். டக்... டக்... கார் சுவரை ஒட்டி, வழுக்காமல், வெண்ணெய் மாதிரி திரும்பிப் போனது. நான் மோதிய அதே இடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

ஹெட்செட்டைக் கழற்றிக் குமரனின் காதில் வைத்தேன். ஒரு முழுச் சுற்று அசையாமல் கேட்டார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக என் பக்கம் திரும்பினார்.

“என்னவிட வேகமா அடிக்கிறா சார்.”