கேஸக்கா பேசிய மூன்று நிமிடம்

கேஸக்காவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. புதிதாகக் குடிவந்தவர்கள்தான், சிலிண்டர் ஏஜென்சி வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, "அக்கா, பதிஞ்சு பத்து நாளாச்சு, இன்னும் வரலியே" என்று கேட்டு மூக்குடைபடுவார்கள். அவள் வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். பேர் வந்தது வேறு கேஸால்.

முப்பது வருஷத்துக்கு முன்னால், நகராட்சி கட்டிய குடியிருப்பில் வீடு கேட்டு அவள் இனத்தார் பன்னிரண்டு குடும்பங்கள் எழுதிப் போட்டிருந்தன. பின்னால் எழுதிப் போட்டவர்களுக்கெல்லாம் சாவி கிடைத்தது. இவர்கள் போய்க் கேட்டால், 'பரிசீலனையில் இருக்கிறது'. ஒருநாள் குமாஸ்தா ஒருவர் வாய்தவறி, "உங்க ஆளுங்களுக்குக் குடுத்தா மத்தவங்க குடிவர மாட்டாங்கம்மா" என்று உளறிவிட்டார். இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தவள் நேரே வக்கீல் வீட்டைத் தேடிப் போனாள். வழக்கில் முதல் கையெழுத்து அவளுடையது. நாலு வருஷம் இழுத்தடித்துத்தான் ஜெயித்தார்கள். அந்த வழக்கை நடத்த ஒன்றுசேர்ந்தவர்கள் வைத்த சங்கம்தான் உரிமைச் சங்கம்.

சங்கத்துக்கு முப்பதாவது ஆண்டு வந்தது. இப்போது தலைவர் அவளுடைய கொழுந்தன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். விழாவுக்கு நகராட்சி நிதி கேட்கலாம் என்று அவர் சொன்னதும் அக்காவுக்குச் சுருக்கென்றது.

"கோர்ட்டுல எதிர்ல நின்னவங்ககிட்டயே போய்க் கை நீட்டறதா? மரத்தடியில கூடினாப் போதாதா?"

"பாட்டுச் சங்கத்துக்குக் குடுக்கறாங்க, சைக்கிள் சங்கத்துக்குக் குடுக்கறாங்க. நாம கட்டற வரியும் அதுல இருக்கே அண்ணி. நாம மட்டும் ஏன் ஒதுங்கி நிக்கணும்?"

ஓட்டெடுத்தார்கள். வேண்டாம் என்று உயர்ந்தது ஒரே கை. "தனியாத் தூக்கினியே, கை வலிக்கலையா?" என்று வீட்டில் கணவர் வேறு கேட்டு வைத்தார். இரண்டு நாள் அவரோடு பேச்சில்லை.

நகராட்சிக் கூட்டம் வைத்திருந்த அன்றைக்குக் காலையில் கொழுந்தனுக்குச் சிறுநீரகக் கல் வலி. துடித்துப்போய் அக்காவின் ஆஸ்பத்திரியிலேயே சேர்ந்தார். துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனவளை அவர் விடவில்லை.

"நாலு மணிக்கு நம்ம மனு வருது அண்ணி. பேச ஆளில்லன்னா தள்ளிடுவாங்க. நீங்க போங்க."

"நான் வேண்டாம்னு சொன்னவ தம்பி."

"தெரியும். மத்தவங்களை அனுப்பினா குழைஞ்சிட்டு வருவாங்க. உங்களுக்குத்தான் குழைய வராது."

வேலை முடிந்து, சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் நகராட்சிக் கூட்டத்துக்கு ஓடினாள். நேரே மைக்கின் முன்னால் போய் நின்றாள். கொழுந்தன் எழுதிக் கொடுத்த தாள் பையிலேயே கிடந்தது.

"எனக்கு மூணு நிமிஷம்னு சொன்னாங்க. முதல்லயே சொல்லிடறேன், உங்ககிட்டக் கேக்க வேண்டாம்னு சங்கத்துல ஓட்டுப் போட்டவ நான்" என்று ஆரம்பித்தாள். கூடத்தில் ஒரு சலசலப்பு. "வந்ததுக்குக் காரணம், அந்தப் பன்னிரண்டு குடும்பத்துல பாதிப் பேர் இப்ப முதியோர் இல்லத்துல இருக்காங்க. ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மூலையில. அவங்களைக் கூட்டிட்டு வர பஸ் வேணும். எங்களால முடியல."

உறுப்பினர்களில் ஒருவர், மருந்துக்கடைக்காரர், எழுந்தார். "எங்க மேல கேஸ் போட்டுத்தானே உங்க சங்கமே வந்தது? நிதியும் வாங்கிட்டு நாளைக்கு இன்னொரு கேஸ் போடமாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

"தப்பு நடந்தாப் போடுவோம்."

சொன்ன பிறகுதான், காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை. "பெரிய ஆஸ்பத்திரிப் படுக்கைக்கெல்லாம் விரிப்புத் துவைக்கிறவ நான். இது யாரு படுத்தது, எந்த இனம்னு பார்த்துத் துவைக்கிறதில்லீங்க. நீங்களும் அப்படிப் பார்க்காம இருந்தா எங்களுக்குக் கேஸே வேண்டியதில்ல."

இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் மனு தேறியது. படியிறங்கும்போது மருந்துக்கடைக்காரர் பின்னாலேயே வந்தார்.

"நான் எதிர்த்துத்தாம்மா போட்டேன். மறைக்க விரும்பல."

"நானும் எதிர்த்துத்தாங்க போட்டிருந்தேன்" என்றாள் அக்கா. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

விழாவன்று நகராட்சி மண்டபத்து வாசலில் பஸ் வந்து நின்றது. கைத்தடிகளும் சக்கர நாற்காலிகளும் ஒவ்வொன்றாக இறங்கின. வழக்கில் இரண்டாவது கையெழுத்துப் போட்ட தோழியை அக்கா பார்த்துப் பதினோரு வருஷமாகியிருந்தது. தோழிக்குக் காது அடைத்துவிட்டது, உடம்பு பாதியாகிவிட்டது. "ஏண்டி, இவ்வளவு குண்டாயிட்டே?" என்றாள் அவள் முதல் வார்த்தையாக. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மேடையில் நாற்காலி போட்டிருந்தும் போகாமல் தோழியின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். கூட்டத்துக்கு நடுவில் கொழுந்தனைப் பார்த்து, "நீ சொன்னது சரிதான் தம்பி" என்று வாயசைத்தாள்.

நகராட்சித் தலைவர் பேச எழுந்தார். தோழி மண்டபத்துக்கே கேட்கும்படி, "யாருடி இந்த ஆளு?" என்று கேட்டாள்.

அக்கா அவள் காதோரம் குனிந்தாள். "அன்னைக்கு நமக்கு வீடு இல்லன்னாங்களே, அந்த ஆபீசுக்கு இப்ப இவர்தான் தலைவர்."

"இப்ப என்ன சொல்றார்?"

"நமக்கு வாழ்த்துச் சொல்றார்."

"அப்படின்னா கைதட்டுடி" என்று தோழி சொல்லி, அவர் பேசி முடிக்கும் முன்பே தானே தட்ட ஆரம்பித்தாள்.